கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் என் காரில் இரண்டாவது கியர் விழவில்லை. பின்னால் பஸ், பக்கத்து சீட்டில் அம்மா. கியர் ராடை இடது பக்கம் தள்ளினால் பாதியிலேயே நின்றுகொள்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை நன்றாக மிதித்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நாலாவது முயற்சியில்தான் முதல் கியர் விழுந்தது. அதற்குள் பஸ் டிரைவர் இறங்கி வந்துவிட்டார். அவர் திட்டவில்லை, பின்னால் வந்த வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். அந்த மனிதருக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் இறக்கணும் சார், சிங்க்ரோ ரிங் போயிருக்கும், 22,000 ஆகும்" என்றார்கள். சிங்க்ரோ ரிங் என்பது கியர் அரைக்காமல் விழுவதற்காகக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வளையம். இன்னொரு இடத்தில் கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று மாற்றி 1,900 வாங்கினார்கள். சரியாகவில்லை. கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக், பானட்டைத் திறந்து இரண்டு கேபிள் முனைகளைக் கழற்றிவிட்டு ஐந்தே நிமிடத்தில் காட்டினார்: கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டது. அந்த ஐந்து நிமிடச் சோதனை முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று வாரமும் அந்த 1,900-ம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2012-இல் பதிவான பெட்ரோல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, நான் இரண்டாவது உரிமையாளர். நான் சொல்லும் முறை பெரும்பாலான சின்ன கார்களுக்குப் பொருந்தும். போல்ட் இருக்கும் இடம், கிளிப்பின் வடிவம் இவை மட்டும் காருக்குக் கார் மாறும்.

1. முதலில், உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய மாருதி 800 மாதிரி வண்டிகளில் கியர் ராடிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரும்புத் தண்டு போகும். ஸ்விஃப்ட், ஐ10 போன்றவற்றில் அதற்குப் பதில் இரண்டு கேபிள்கள். இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று செலக்ட் கேபிள். நீங்கள் ராடை இடது வலமாக நகர்த்தும்போது இது வேலை செய்கிறது. அதாவது 1-2 வரிசையா, 3-4 வரிசையா, 5 இருக்கும் வரிசையா என்று தேர்ந்தெடுப்பது. இன்னொன்று ஷிஃப்ட் கேபிள். ராடை முன்னும் பின்னும் தள்ளும்போது, தேர்ந்தெடுத்த வரிசைக்குள் கியரைப் போடுவது இது.

சைக்கிள் பிரேக் கேபிளைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான், ஆனால் தடிமன். உள்ளே எஃகுக் கம்பி, அதைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் குழாய், அதற்கு மேல் எஃகு உறை, எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு பிளாஸ்டிக் தோல். சைக்கிள் கேபிள் இழுக்க மட்டும்தான் செய்யும், இது தள்ளவும் வேண்டும். அதனால்தான் கொஞ்சம் இறுகினாலும் கையில் உடனே தெரிகிறது. இரண்டு முனையிலும் வளையம், வளையத்துக்குள் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ், கம்பி வெளியே வரும் இடத்தில் தண்ணீர் புகாமல் ஒரு ரப்பர் மூடி. இந்த ரப்பர் மூடி கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். எனக்கு நடந்தது இதுதான்.

2. அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

"கியர் டைட்டாக இருக்கிறது" என்று மட்டும் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கிளட்ச், கியர்பாக்ஸ், கியர் ஆயில் என்று அவர் எதை வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒரு நாள் ஓட்டும்போது கவனித்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடது வலம் நகர்த்துவதில்தான் சிரமமா? மூன்றும் நாலும் நன்றாக விழுகிறது, ஆனால் ஒன்று, இரண்டு, ஐந்து, ரிவர்ஸ் எதற்காவது போகும்போது ராடு பக்கவாட்டில் நகர மறுக்கிறதா? செலக்ட் கேபிளைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான கார்களில் ராடை விட்டுவிட்டால் அது தானாக 3-4 வரிசைக்கு நேரே வந்து நிற்கும். அப்படித் திரும்பி வராமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தாலும் செலக்ட் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முன்னும் பின்னும் தள்ளும்போது, எல்லா கியரிலும் ஒரே மாதிரி பிசுபிசுவென்று இறுக்கமாக இருந்தால் ஷிஃப்ட் கேபிள்.

ராடு இறுக்கமே இல்லை, மாறாக லொடலொடவென்று ஆடுகிறது, கியரில் இருக்கும்போதே இரண்டு விரல் அகலத்துக்கு அசைகிறது, எந்த கியரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றால் புஷ் தேய்ந்திருக்கும்.

ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக மூன்றாவது மட்டும், போடும்போது கரகரவென்று அரைக்கிறது; அல்லது கியர் விழுந்த பிறகு ஓட்டத்தில் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது என்றால் அது பெரும்பாலும் கேபிள் இல்லை. கியர்பாக்ஸின் உள்ளேயோ எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கிலோ பார்க்க வேண்டிய விஷயம்.

3. எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடியே அதையே செய்யுங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஓடும்போது மட்டும் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் அரைக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், கிளட்சைப் பாருங்கள்.

இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் கேபிள், ராடின் அடிப்பாகம், கியர்பாக்ஸின் மேல் இருக்கும் லீவர், இந்த மூன்றில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. வண்டி நின்றிருக்கும்போது சில சமயம் உள்ளே பல்லோடு பல் முட்டிக்கொண்டு ஒரு கியர் விழாது. அது கோளாறு இல்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்சை ஒரு முறை விட்டு, மறுபடி மிதித்துப் போடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கிறது என்றால் வண்டியைக் கையால் லேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

4. அந்த ஐந்து நிமிடச் சோதனை

இதை யாரும் உங்களுக்குச் செய்து காட்டாமல் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

எஞ்சின் அணைந்து, ஆறியிருக்க வேண்டும். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஏனென்றால் வண்டி நியூட்ரலில் இருக்கப் போகிறது. பானட்டைத் திறந்தால், பல கார்களில் பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் கீழே கியர்பாக்ஸ் தெரியும். அதன் மேல் இரண்டு கேபிள்கள் வந்து இரண்டு சின்ன லீவர்களில் மாட்டியிருக்கும். கை போகவில்லை என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்ற வேண்டும்.

முதலில் கழற்றாமல் பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ராடை மெதுவாக நகர்த்தட்டும், நீங்கள் இந்த முனையைக் கவனியுங்கள். ராடு நகர்ந்த பிறகு தாமதமாக லீவர் நகர்ந்தால், இடையில் அசைவு எங்கோ தொலைகிறது. வளையத்துக்குள் புஷ் தேய்ந்து இடைவெளி விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

பிறகு, எது எந்த லீவரில் இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, லாக் கிளிப்பை எடுத்து இரண்டு கேபிள் வளையங்களையும் லீவரிலிருந்து கழற்றுங்கள். இப்போது அந்த லீவர்களைக் கையாலேயே நகர்த்திப் பாருங்கள். எங்கள் மெக்கானிக் என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். ஸ்பிரிங் எதிர்த்தது, ஆனால் வழவழவென்று நகர்ந்து, டக் என்று கியர் விழுந்தது, மறுபடி டக் என்று வெளியே வந்தது. மூன்று வாரமாகக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது என் விரலுக்குக் கீழே அவ்வளவு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. "பார்த்துக்கங்க தம்பி, பாக்ஸ் நல்லா இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய் ராடை நகர்த்தச் சொன்னார். எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த கேபிளை நகர்த்தவே அதே இறுக்கம். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது.

இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். லீவர் கையில் லேசாக நகர்ந்து, கழற்றிய கேபிளோடு ராடு இறுக்கமாக இருந்தால் கோளாறு கேபிளில் அல்லது ராடின் அடியில். லீவரே இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம். அதிலும் லீவர் மாட்டியிருக்கும் தண்டு வெளியில் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணெய் விட்டு அசைத்தாலே சரியாகிவிடுவது உண்டு.

முடிந்ததும் லீவரை நியூட்ரலில் வைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள். கிளிப்பைப் பத்திரமாக வையுங்கள், அது கீழே விழுந்தால் எஞ்சின் அடித்தட்டில் போய் மாட்டிக்கொள்ளும்.

5. புஷ் மட்டும் போதுமா?

கேபிள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, வளையத்தில் மட்டும் ஆட்டம் இருக்கிறது என்றால் புஷ் மட்டும் மாற்றினால் போதும். பல மாடல்களுக்குப் புஷ் தனியாகக் கடைகளில் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கம்பெனி ஷோரூமில் கேட்டால் புஷ் தனியாக வராது, முழுக் கேபிள்தான் என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டுக் கேபிளை வாங்கிவிடாமல் வெளிக் கடையிலும் ஒரு முறை விசாரியுங்கள்.

கேபிளே இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். முனையில் எண்ணெய் ஸ்பிரே அடித்தால் ஒரு வாரம், பத்து நாள் லேசாக இருக்கும். அப்புறம் அதே கதை. உள்ளே துரு இருக்கும்போது எண்ணெய் அதைப் போக்காது. புதுக் கேபிள் வரும்வரை சமாளிக்க மட்டும் செய்யுங்கள். அதை நம்பி மலையேறாதீர்கள்.

எங்கள் பக்கம் எலித் தொல்லையும் உண்டு. கேபிளின் மேல் தோலை எலி கடித்திருக்கிறதா, சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் தோல் உருகியிருக்கிறதா என்று நீளம் முழுக்கத் தடவிப் பாருங்கள். உருகியிருந்தால் புதுக் கேபிளுக்கும் அதே கதி வராமல் வெப்பத் தகட்டைச் சரி செய்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

6. பாகம் வாங்கும்போது: ஆர்.சி., சேசிஸ் நம்பர், பில்

கடைக்குப் போகும்போது ஆர்.சி.யைக் கொண்டுபோங்கள், டிஜிலாக்கரில் இருப்பது போதும். அதில் இருக்கும் சேசிஸ் நம்பர்தான் முக்கியம். அது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாகவே அனுப்புங்கள், கையால் எழுதினால் பூஜ்யத்தை "ஓ" என்று எழுதிவிடுவோம். இந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, எனவே வட்டமாக இருந்தால் பூஜ்யம்தான்.

"2012 மாடல்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். ஒரே காரின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கியர்பாக்ஸ் வேறு, அதனால் கேபிளும் வேறாக இருக்கும். பழைய உருவம் போய்ப் புது உருவம் வந்த வருடத்தில் இரண்டும் பதிவாகியிருக்கும். எனக்கு முதலில் வந்தது டீசல் காரின் செலக்ட் கேபிள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், ஆனால் நாலு நாள் போனது.

கேபிள் கையில் கிடைத்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், வளையத்தின் அளவு, நடுவில் உள்ள ரப்பர் வாஷரின் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பழையதைக் கழற்றும் முன்பே பாகம் வந்துவிட்டது என்றால் நம்பரை மட்டும் சரிபார்த்துக்கொண்டு, பாக்கெட்டைக் கவனமாகப் பிரியுங்கள். கிழித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

ஜெனுயின் பாகத்தின் பெட்டியில் பாக நம்பர், விலை, தயாரித்த மாதம் எல்லாம் அச்சாகியிருக்கும். அந்த விலையில் வரி அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய இருப்பில் பழைய விலை ஒட்டியிருந்தால், இப்போதைய விலை என்ன என்று கேளுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் வாங்கலாம், புதுப் பாகங்கள் அங்கே எல்லா வண்டிக்கும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அங்கே வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். கேபிள் அப்படி இல்லை. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, மாட்டும் கூலி இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும்.

ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே வழியாகப் போகின்றன, ஒரே கூலி. ஷிஃப்ட் கேபிள் எனக்கு நன்றாகத்தான் இருப்பது போல் இருந்தது. கழற்றித் தலைகீழாகப் பிடித்ததும் அதன் முனையிலிருந்தும் டீ நிறத்தில் துருத் தண்ணீர் சொட்டியது.

7. எனக்கு ஆன செலவும் நாளும்

இரண்டு கேபிள் 4,350 ரூபாய். கூலி 1,800. புது லாக் கிளிப், கிரீஸ் எல்லாம் சேர்த்து 180. மொத்தம் 6,330. உங்கள் காருக்கும் ஊருக்கும் ஏற்ப இது கூடும் குறையும், ஆனால் கியர்பாக்ஸ் இறக்கும் செலவின் பக்கத்தில்கூட வராது.

பாகம் ஆர்டர் போட்டு, தவறாக வந்து, மாற்றி வாங்க ஒன்பது நாள். சரியான நம்பர் கொடுத்திருந்தால் நாலைந்து நாளில் முடிந்திருக்கும். மாட்டும் வேலை காலை பத்துக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிந்தது, நடுவில் டீ உட்பட. ஆயுத பூசை, பொங்கலை ஒட்டி வண்டியை விடாதீர்கள். கடைகளும் மூடியிருக்கும், பார்சலும் வராது, பானட் திறந்த நிலையில் வண்டி ஒரு வாரம் கிடக்கும்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது. ஆனால் சாலையோர உதவி என்ற இணைப்பை நீங்கள் எடுத்திருந்தால், வழியில் நின்றுவிட்ட வண்டியைத் தூக்கிக்கொண்டு போக அது உதவும். பாலிசியை எடுத்து இப்போதே பாருங்கள், அந்த உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணைக் கைபேசியில் பதிந்துவையுங்கள்.

8. வண்டியை விடும் முன் பேசி முடிக்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். "அண்ணே, கேபிளைக் கழற்றி லீவரைக் கையால அசைச்சுக் காட்டுறீங்களா?" என்றால் நல்ல மெக்கானிக் யாரும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அந்த இடத்தில் விட வேண்டாம்.

கூலி தனி, பாகம் தனி என்று எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். பழைய கேபிள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். "வேறு எதாவது தெரிந்தால் எனக்கு போன் பண்ணிவிட்டுச் செய்யுங்கள்" என்பதையும் சொல்லிவிடுங்கள். பாகத்துக்குப் பில் வாங்குங்கள், அதில் பாக நம்பர் இருக்கட்டும். வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

9. நீங்களே மாற்றுவதாக இருந்தால்

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் செய்யலாம், ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பழக்கம் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன், சின்ன வேலைகளுக்குக் கையும் கொடுத்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஏர்பேக் உள்ள கார்களில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் ராடுக்குப் பக்கத்திலேயே, கன்சோலுக்குக் கீழே இருக்கும். அதைத் தட்டவோ, அதன் வயரைப் பிடுங்கவோ கூடாது.

வெளிப்பக்கம்: ஏர் ஃபில்டர் பெட்டி, தேவைப்பட்டால் பேட்டரியும் அதன் தட்டும் வெளியே வரும். கேபிள் வளையங்களை லீவரிலிருந்து கழற்றுங்கள். கேபிளின் உறையைத் தாங்கும் தகட்டில் ஒரு யு வடிவ கிளிப் இருக்கும், கட்டிங் பிளேயரால் பிடித்து மேலே இழுத்தால் வரும். துருவேறியிருந்தால் முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டுத் தகட்டை வளைத்துவிட்டால் கேபிளின் கோணம் மாறிவிடும், புதுக் கேபிளும் உராயும்.

உள்பக்கம்: ராடின் குமிழைத் திருகி எடுத்து, தோல் உறையைக் கழற்றி, கன்சோலின் திருகுகளை எடுத்தால் ராடின் அடிப்பாகம் முழுதாகத் தெரியும். இங்கேயும் இரண்டு வளையம், இரண்டு கிளிப். திருகுகளை இடம் வாரியாகத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள், நீளம் மாறி மாட்டினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். கேபிளைக் கழற்றியதும் ராடை மட்டும் ஆட்டிப் பாருங்கள். அதிலேயே இறுக்கம் இருந்தால் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும், இப்போது விட்டால் மறுபடி இதையெல்லாம் பிரிக்க வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எஞ்சின் அறைச் சுவர். அதில் கேபிள்கள் நுழையும் ஓட்டையை ரப்பரும் தகடும் மூடியிருக்கும், நட்டுகள் டேஷ்போர்டுக்குள் கை நுழையாத இடத்தில் இருக்கும். வேலையிலேயே கடினமானது இதுதான். ஸ்பேனரில் மாட்டும் நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியும் டார்ச்சும் வேண்டும். சில கார்களில் கீழிருந்தும் கை கொடுக்க வேண்டிவரும். அப்படி என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லை என்றால் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஜாக்கி சறுக்குவதற்கு ஒரு நொடி போதும்.

பழைய கேபிளை உருவும் முன் அதன் முனையில் ஒரு நீளமான நைலான் கயிற்றைக் கட்டிவிடுங்கள். கேபிள் வெளியே வரும்போது கயிறு அதே வழியில் உள்ளே போய் நிற்கும். புதுக் கேபிளைக் கயிற்றில் கட்டி இழுத்தால் வழி தவறாமல் வந்து சேரும். எங்கள் மெக்கானிக் இதற்குத் தன் கடையில் தொங்கிய துணி காயப்போடும் கயிற்றை அறுத்து எடுத்தார்.

புதுக் கேபிள் பழையது போன வழியிலேயே போக வேண்டும். கூர்மையாக மடியக் கூடாது, சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது, நடுவில் தாங்கும் கிளிப்புகள் எல்லாம் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். சுவரில் உள்ள ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் அடுத்த மழையில் காலடி விரிப்பு நனையும். வளையங்களின் புஷ்ஷில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் மூடிகள் முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கட்டும், பழைய கேபிளைக் கெடுத்ததே இந்த மூடி கிழிந்ததுதான்.

10. அட்ஜஸ்ட் செய்வதும் ஓட்டிப் பார்ப்பதும்

சில கார்களில் கேபிளின் நீளத்தை அட்ஜஸ்ட் செய்ய ஒரு பூட்டு இருக்கும், சிலவற்றில் எதுவும் இருக்காது, மாட்டினால் மாட்டினதுதான். பூட்டு இருந்தால் முறை இது: கியர்பாக்ஸ் லீவரும் நியூட்ரலில், உள்ளே ராடும் நியூட்ரலில், நேராக நிற்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, அப்போது பூட்ட வேண்டும். ராடு சாய்ந்த நிலையில் பூட்டினால் ஒரு பக்க கியர்கள் விழும், மறுபக்கம் விழாது. அதைப் பார்த்துப் பயந்து புதுக் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், மறுபடி நியூட்ரலில் வைத்துப் பூட்டுங்கள்.

எல்லாம் மாட்டியதும், கன்சோலை மூடும் முன்பே எஞ்சினை அணைத்த நிலையில் ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் வெளியே ஒருவர் லீவரைப் பார்க்கட்டும், அது கடைசிவரை போகிறதா என்று. பாதி விழுந்த கியர் ஓட்டத்தில் கழன்றுவிடும். பேட்டரியை மாட்டி, ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். ஒரு மேடு, ஒரு திருப்பம், ஒரு நெரிசல் மூன்றும் இருக்கும்படி ஐந்து கிலோமீட்டராவது போய் வாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை பானட்டைத் திறந்து கிளிப்புகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

11. வழியிலேயே அறுந்துவிட்டால்

செலக்ட் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் 3-4 வரிசை மட்டும் கிடைக்கும். மூன்றாவது கியரில் கிளட்சை எரித்து எரித்துக் கிளப்பாதீர்கள், கேபிளோடு கிளட்ச் பிளேட்டும் சேர்ந்து போகும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நான் மேலே சொன்னபடி கேபிள் முனைகளைக் கழற்றிவிட்டு, லீவர்களைக் கையால் நகர்த்தி இரண்டாவது கியரில் போடுங்கள். கழற்றிய முனைகள் எதிலும் சிக்காமல் ஓரமாகக் கட்டுங்கள். பானட்டை மூடிவிட்டு, ராடை நம்பாமல், கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து மெதுவாகக் கிளம்பினால் பக்கத்து ஊர்வரை இரண்டாவது கியரிலேயே போகலாம். நிற்கும்போதெல்லாம் கிளட்ச் மிதித்தே இருக்க வேண்டும், ஏனென்றால் நியூட்ரல் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. சமதளத்தில், போக்குவரத்து குறைந்த சாலையில், சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் இது. மலைப்பாதையில் என்றால் முயற்சி செய்யாதீர்கள். இறங்கி, பின்னால் கல்லும் முக்கோணப் பலகையும் வைத்துவிட்டு, வண்டியை ஏற்றிப்போகும் லாரிக்கு போன் பண்ணுங்கள்.